களைக்குப் பாடு கிடையாது

எங்கள் ஊரில் என்மேல் இருக்கும் ஒரே குற்றச்சாட்டு, நான் புல் திருடினேன் என்பது. நகை திருடியிருந்தால்கூட இத்தனை நாளில் மறந்திருப்பார்கள். புல் என்பதால் மறக்க மனசு வரவில்லை. நல்லது கெட்டதுக்குக் கூடும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "உன் பக்கத்துல ஒக்காரவே பயமா கீது, தலையில வெச்சிக்கிற பூவக் களைன்னு புடுங்கிடப் போற" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்தப் புல்லைப் பிடுங்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பழவேற்காட்டை ஒட்டிய தோணிரேவு கிராமத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் முன்பே ஏரியில் இறங்கியவர். ஒருமுறை முகத்துவாரத்து மணலில் ஏறி நின்றுவிட்ட படகைத் தள்ளும்போது அவருடைய வலது தோளில் ஏதோ அறுந்தது. பொன்னேரியில் பார்த்த டாக்டர், இனி வலை இழுக்கக் கூடாது, வேறு என்ன வேலை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தாராளமாகச் சொன்னார். எங்கள் ஊரில் ஆண்களுக்கு இரண்டே வேலை. ஒன்று மீன் பிடிப்பது, இன்னொன்று பிடித்த மீனைப் பற்றிப் பேசுவது. முதலாவது போனதும் இரண்டாவதும் அவருக்குக் கசந்துவிட்டது. ஏரிக்கு முதுகு காட்டியே உட்கார ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் ஏரிக்கு முதுகு காட்டினால் எதிரே இருப்பது கோழிக்கூண்டுதான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கோழிகளுக்கே சங்கடமாகிவிட்டது.

மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த நேரத்தில் மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். அங்கேயே தங்க வேண்டும், எப்போதாவது ஊருக்கு வந்து போகலாம். இவர் உடனே தலையாட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அந்த வேலை வீட்டுக்குள் ஒரு விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அவர் போகக் கூடாது. அவர் குறட்டை விடுகிறார் என்று கல்யாணமான நாளிலிருந்து ஊர் முழுக்கப் புலம்பியவள் நான். அந்தக் குறட்டை மீஞ்சூரில் யாரோ ஒருவரின் சிமெண்ட் மூட்டைகளுக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்ததும் புலம்புவதை நிறுத்திவிட்டேன். அவரைப் பிடித்து வைக்க ஏதாவது ஒரு வேலை வேண்டும், அது வலை இழுக்காத வேலையாக இருக்க வேண்டும். என் பிரார்த்தனை அவ்வளவுதான்.

பிரார்த்தனைக்குப் பதில் பழவேற்காட்டு பாயிடமிருந்து வந்தது. பாய் என்பவர் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெரியவர். என் வீட்டுக்காரரின் அண்ணன் பிடிக்கும் நண்டுக்கு நிரந்தர வாடிக்கை. திருப்பாலைவனம் போகும் சாலையில், பஸ் நிற்கிற திருப்பத்துக்கு எதிரே, உப்பு ஏறாத மேட்டு மணலில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. சும்மா கிடந்த நிலம். பக்கத்தில் மனை போட்டு விற்கிறவர்கள் மஞ்சள் எல்லைக் கல்லை இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று நகர்த்திக்கொண்டே வந்தார்கள்.

"மரவள்ளி போடுங்க தம்பி. மணலுக்கு நல்லா வரும். ஆள் ஒசரத்துக்கு நின்னா தூரத்துல பாக்கறவனுக்குத் தோப்பு மாதிரி தெரியும், கல்லு உள்ள வராது. கெழங்கு பூரா உங்களுக்கு. நல்லா வந்துச்சுன்னா வருஷா வருஷம் நீங்களே போடுங்க. வரலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் பாய்.

ஆக, எங்கள் மரவள்ளியின் முதல் கடமை கிழங்கு விடுவது அல்ல, தோப்பு மாதிரி தெரிவது. பாய்க்கு நன்றாகப் பழகியவர் அண்ணன் என்பதால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்வது என்று முடிவானது. என் வீட்டுக்காரர் கோழிக்கூண்டை விட்டு எழுந்தார். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

ஆவணியில் நட்டார்கள். இரண்டு பேருக்கும் விவசாயம் தெரியாது என்பது பெரிய விஷயமில்லை, தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. மரவள்ளிக் குச்சியைக் கையில் வாங்கியதும் அது அவர்களுக்கு வலைக்கு ஊன்றும் கழியாகத் தெரிந்திருக்கிறது. ஏரிச் சேற்றில் கழி இறக்குவதுபோல் முட்டி மடக்கி, மூச்சுப் பிடித்து, குச்சியின் தலை மறையும் அளவுக்கு இறக்கினார்கள். காற்றுத் திசை பார்த்து வரிசை வேறு போட்டார்கள். பஸ்ஸுக்காக எதிரே நின்றிருந்த ஒருவர் ரோட்டைக் கடந்து வந்து, நாலு விரற்கடை மண்ணுக்குள் போனால் போதும், கணு மேலே பார்த்து இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊன்றியதையெல்லாம் பிடுங்கி மறுபடி நட்டார்கள். அண்ணன், "இவ்ளோ மேலாக்க வெச்சா நீரோட்டத்துல சாஞ்சிடாதா?" என்று கேட்டார். மேட்டு மணலில் என்ன நீரோட்டம் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் கிடைக்கும் இடங்களுக்கு யார் எப்போது வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்றைக்கு ஒருவருடைய பாடு என்றால் அந்த இடம் முழுக்க அவருடையது. அடுத்தவர் வலை கட்டக் கூடாது, கை விட்டுத் தடவவும் கூடாது. வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அடுத்தவன் பாட்டு நாளில் இறங்க மாட்டார்கள். மீறி யாராவது இறங்கினால், பிடித்தது எல்லாம் பாட்டுக்காரருக்குச் சேரும். எங்கள் ஊரில் சண்டை இல்லாத ஒரே விஷயம் இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட நேரம் மிச்சமாவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மரவள்ளிக்கும் பாடு வைத்தார்கள்.

"ஆளுக்கு ஒரு வாரம். என் வாரத்துல நீ உள்ள வராத, உன் வாரத்துல நான் வரமாட்டேன். அப்பத்தான் யார் இன்னா செஞ்சாங்கன்னு பேச்சே வராது" என்றார் அண்ணன்.

ஒரு கறுப்புச் சிப்பியும் ஒரு வெள்ளைச் சிப்பியும் துண்டுக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதல் வாரம் என் வீட்டுக்காரருக்கு விழுந்தது. பிறந்த நாளிலிருந்து பார்த்த ஒழுங்கு என்பதால் எனக்கும் அது சரியாகவே பட்டது. அதை மறைக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் தன் வாரத்தில் விடிந்ததும் போனார். இடது கையால் மெல்ல மெல்லக் களை எடுத்தார். தண்ணீர் விட்டார். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போனார். ஒருநாள் சாப்பிடும்போது, "மூணு எல விட்ருக்குதுமே" என்றார். மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு விவரமாக என்னிடம் எதையும் சொன்னதில்லை.

அண்ணனுடைய வாரம் வந்தது. அதே வாரம் மழையும் வந்தது. மழை வந்தால் ஏரியில் புதுத் தண்ணீர், புதுத் தண்ணீர் என்றால் இறால். அண்ணனுக்கு ஏரியில் பாடு. தோள் நன்றாக இருக்கிற எந்த மனுஷன் இறாலை விட்டுவிட்டுப் புல் பிடுங்கப் போவான்? அவர் ஏரிக்குப் போனார். மரவள்ளிக்கு யாரும் போகவில்லை. கோரையும் அருகும் சாரணையும் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்தன.

இதற்குள் நான் ஓரளவு படித்திருந்தேன். என் பள்ளிக்கூடம் பஸ். நான் மீன் கூடையோடு ஏறும் வண்டியில்தான் திருப்பாலைவனத்து நெல் வயல்களில் களை எடுக்கும் பெண்களும் வருவார்கள். கூடை நாற்றத்துக்கு முகம் சுளிப்பதை முடித்துவிட்டு நன்றாகப் பேசுவார்கள். மரவள்ளி என்றதும் ஒருத்தி, "நட்ட மொத மூணு மாசம் அதுக்குக் கொழந்தப் பருவம். அப்ப புல்லு ஏறிச்சுன்னா சோத்தப் பூரா புல்லு துன்னுடும். கெழங்கு அப்பறம் எழுந்துக்காது. எல விரிஞ்சி நெழலு கட்டிக்கிச்சுன்னா நீ போகவே வேணாம், புல்லு தானா அடங்கிடும்" என்றாள். எங்கள் பாடு ஒப்பந்தமோ அந்தக் குழந்தைக்கு ஒரு வாரம் சோறு, ஒரு வாரம் பட்டினி என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் என்னுது. அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

"மழ பேஞ்சிக்கினு கீதுய்யா. புல்லு அடுத்த வாரம் வரைக்கும் நிக்குமா?"

"அண்ணன் பாடுமே அது."

அவர் அண்ணனிடம் நானே போய்க் கேட்டேன். அவர் வலையைக் காய வைத்துக்கொண்டே சிரித்தார்.

"இந்தாம்மா, ஏரியில எறா எங்க நிக்கும்? பாசி கீற எடத்துல. பாசிய வழிச்சிப் போட்டவன் வலையில எப்பவாவது எறா விழுந்து பாத்துக்கிறியா? தரையும் அப்பிடித்தான். புல்லு இருந்தாத்தான் மண்ணு குளிர்ச்சியா இருக்கும், கெழங்கு சோக்கா தெரளும். கை வெக்காம வுட்ட எடம்தான் நெறையும்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஏரியில். பாசி உள்ள இடத்தில்தான் இறால் ஒண்டும். சும்மா விட்ட இடம்தான் நிறையும். மரவள்ளி இறால் இல்லை என்ற ஒரு சின்ன விஷயம்தான் இடித்தது. நடுவில் யாரோ சொன்னார்கள் என்று களைக்கொல்லி அடிக்கலாமா என்றும் யோசித்தார். மழையில் மருந்து ஓடி வந்து ஏரியில் சேர்ந்தால் இறால் என்னாகும் என்று தம்பி கேட்டதும் அந்தப் பேச்சை அப்படியே விட்டார். இறாலுக்கு ஒன்று என்றால் அவருக்கு உடனே புரிந்துவிடும்.

அடுத்த அண்ணன் வாரத்தில் நான் போனேன். மீன் விற்று முடித்து வரும் வழியில் திருப்பத்தில் இறங்கி, கூடையைப் பனைமரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பனை ஓர வரிசைகளில் உட்கார்ந்து பிடுங்கினேன். மழையில் நனைந்த மணலில் கோரை கிழங்கோடு வரும். அப்படி வரும்போது ஒரு சுகம் இருக்கிறது, பல்லிடுக்கில் சிக்கிய முள் வெளியே வருகிற சுகம். பிடுங்கி, மண்ணை இழுத்துத் தண்டைச் சுற்றி அணைத்துவிட்டு வந்தேன். அண்ணனுடைய ஒவ்வொரு வாரமும் போனேன். முழு நிலத்துக்கும் என் நேரம் போதவில்லை. அந்தப் பனை ஓரத்தை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

திருட்டில் எனக்கு முன் அனுபவம் கிடையாது. ஏரியில் யாராவது திருட்டுத்தனமாக இரண்டு கை இறால் பிடித்தால் தண்ணீர் மூடிக்கொள்ளும். களை எடுத்த இடமோ மொட்டை அடித்த தலை மாதிரி பளபளவென்று காட்டிக் கொடுக்கும். ஒருநாள் இறால் சரியாக விழாமல் கடுகடுப்போடு வந்த அண்ணன், தன் பாட்டு நாளில் நிலத்தை எட்டிப் பார்த்துவிட்டார். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"என் பாடுல கை வெச்சிக்கிறாங்க."

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. தோள் அறுந்தபோதுகூட அப்படி வெளுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயாமே?"

"ஆமா, நான்தான். இன்னா எடுத்துட்டேன்? புல்லுதான எடுத்தேன்? வரப்பு மேல போட்டு வெச்சிக்கிறேன். வேணும்னா உங்க அண்ணன எண்ணிக்கச் சொல்லு."

"புல்லா எறாவான்றது பேச்சில்ல. பாடுன்னா பாடு" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணனிடம், தப்பு நடந்துபோச்சு, இனி நடக்காது என்று சொன்னார். என்னையும் சொல்லச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. யாருக்காகப் பிடுங்கினேனோ அவரே என்னைத் திருடியாக்கி நிறுத்தியது தாங்க முடியவில்லை. சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய் உப்பில்லாத குழம்பு வைத்தேன். அவர் அதையே இரண்டாம் தடவையும் ஊற்றிச் சாப்பிட்டார்.

இதில் ஒரு தமாஷ். நான் பிடுங்கி வரப்பில் போட்டிருந்த புல்லை அதற்கு முன்பே என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, மூட்டை மூட்டையாகக் கட்டி, அவர் ஏரியில் இருந்த நேரத்தில் அவருடைய வண்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புல் எங்கிருந்து வருகிறது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. களவு போன பொருள் உரியவர் வீட்டு ஆட்டின் வயிற்றில் பத்திரமாக இருந்தது. ஊரோ என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் ஒதுங்கிய பிறகு அண்ணனுக்கும் ரோஷம் வந்தது. மார்கழியில் ஏரியில் பாடு இல்லாத ஒரு வாரம் கிடைத்ததும், முட்டி உயரம் நின்ற புல்லோடு நேருக்கு நேர் மோதக் கிளம்பினார். மண்வெட்டியை ஓங்கி ஓங்கி வெட்டினார். புல்லோடு மரவள்ளியின் பக்க வேர்களும் பருக்க ஆரம்பித்திருந்த இளங்கிழங்குகளும் துண்டு துண்டாக மேலே வந்தன. அதற்குள் இலை விரிந்து நிழல் கட்டியிருந்த பனை ஓரத்தில் வெட்ட ஒன்றும் இல்லாததால் அந்தப் பக்கம் மட்டும் தப்பியது. வேர்வை வழிய அவர் வந்தபோது, "நல்லா வேல செஞ்சிட்டீங்க மாமா" என்றேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மரவள்ளி வளர்ந்தது. பாய் கேட்ட தோப்பு வேலையை அது குறையில்லாமல் செய்தது. புல்லோடு போட்டி போட்டு ஒல்லி ஒல்லியாக உயரம் போய் நின்றது. மஞ்சள் கல் உள்ளே வரவில்லை. ஆனியில் தோண்டினோம். பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

நடு நிலத்தில் தோண்டத் தோண்ட எலி வால்தான் வந்தது. நாரும் நீளமுமாகத் தொங்கியது. பாய் கையில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. பிறகு பனை ஓரத்துக்குப் போனார்கள். முதல் செடியை இரண்டு பேர் பிடித்து அசைத்தும் வரவில்லை. சுற்றி மண்ணைப் பறித்து இழுத்தபோது, முழங்கை தடிமனில் கிழங்குகள் கொத்தாகச் சேர்ந்து வந்தன. அடுத்த செடியும் அப்படித்தான். பாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! இது யார் கை வேல?"

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் ஊர்ச் சிரிப்பையெல்லாம் தாங்கினேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து, என் பொண்டாட்டி கை வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிலம் எங்களுக்கு நிற்கும், அவர் எங்கேயும் போக வேண்டாம்.

அவர் சொன்னார்: "அண்ணன் பாடுல வந்தது பாய்."

பாடு மீறிப் பிடித்தது பாட்டுக்காரருக்குச் சேரும். அவர் பிசகாமல் முறையைச் சொன்னார். நேர்மையான ஆளைக் கட்டிக்கொண்டால் இப்படியெல்லாம் அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அப்பன்னா அடுத்த வருஷம் நீங்களே பூராவும் பாத்துக்கங்க" என்று பாய் அண்ணன் தோளில் தட்டினார். என் வீட்டுக்காரரிடம், "தம்பி, உனக்கும் தோள் சரியில்ல, எதுக்கு இந்தப் பரேஷான்?" என்று அன்பாகச் சொன்னார். இத்தனை அன்பாக யாரும் எங்களை வெளியே அனுப்பியது கிடையாது. வரும்போது எங்கள் பங்குக்கு எலி வால் கொஞ்சம் கொடுத்தார்கள். வேக வைத்து மீன் குழம்பு ஊற்றினேன். மென்று மென்று கடைசியில் நாரை ஓரமாக ஒதுக்கினோம்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி கோழிக்கூண்டைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தக் குடோன் வேலை, இவருக்காகவே காத்திருந்த மாதிரி, இன்னும் காலியாக இருந்தது. ஐப்பசியில் வந்து சேர்வதாகச் சொல்லிவிட்டார். காக்கிச் சட்டை தைத்து வந்தது. போட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், நல்ல இறால் வாங்கித் தொக்கு வைத்தும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும், "சும்மா ஒக்காந்துக்கினு இருக்க முடியலமே" என்ற ஒரே பதில்தான்.

அண்ணன் ஆவணியில், பனை ஓரத்துத் தடித்த தண்டுகளாகவே பார்த்து வெட்டி நட்டிருந்தார். மழை வந்தது, இறால் வந்தது, அவர் ஏரிக்குப் போனார். நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். திருப்பினாலும் தெரியும். கோரை பச்சைப் பசேலென்று செடிகளின் கழுத்துவரை ஏறியிருந்தது. இறங்கி இரண்டு கை பிடுங்கலாமா என்று விரல் துடிக்கும். இவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றது கண்ணில் வரும். உட்கார்ந்துவிடுவேன்.

அவர் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. காலையில் நான் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. பை மட்டும் கதவோரம் இருந்தது, மேலே காக்கிச் சட்டை மடித்து வைத்தபடி. என்னிடம் சொல்லிக்கொண்டு போகத் தைரியம் இல்லாமல், பையைக்கூட மறந்துவிட்டு, பஸ் திருப்பத்துக்கு முன்கூட்டியே போய்விட்டார் என்று நினைத்தேன். கோபம் தலைக்கு ஏறியது. மூஞ்சியில் வீசிவிட்டு வரலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் என்னென்ன திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

பஸ் நிற்கிற இடத்தில் அவர் இல்லை.

எதிரே மரவள்ளிக்குள் ஒரு முதுகு தெரிந்தது. மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விடிவதற்குள் வந்திருக்க வேண்டும், பின்னால் மூன்று வரிசை சுத்தமாக இருந்தது. என் வாயில் இருந்த திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாழ்நாளில் அடுத்தவர் பாட்டில் விரல் நுனி வைக்காத மனுஷன், இடுப்பளவு அண்ணன் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். இப்போது வருஷம் முழுக்க அண்ணன் பாடுதானே.

நான் கூப்பிடுவதற்குள் அண்ணனின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஓரகத்தி, மடியில் கயிறும் அரிவாளும். ஆட்டுக்குப் புல் தேடி வந்திருக்கிறார்கள். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று தம்பியைப் பார்த்தார். தம்பியும் நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை. துண்டு தலையில் கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கவில்லை.

"என் பாடுல எறங்கிக்கிற. இதுல வர்றது பூரா என்னுதுதான், தெரியுமில்ல?" என்றார் அண்ணன்.

"தெரியும். கெழங்க நீயே எடுத்துக்கோ. களை என்னுது."

அண்ணன் சுத்தமாகக் கிடந்த மூன்று வரிசையையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் தன் மனைவி பக்கம் திரும்பி, "இன்னா பாத்துக்கினு நிக்கிற? அந்தப் புல்ல வாரு" என்றார். அவள் வரப்பில் இருந்த குவியலைப் பார்த்தாள், பிறகு ரோட்டோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அது தம்பியோடதாம்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே அண்ணனுக்குப் பதில் சொன்னாள். "கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."

பொன்னேரி வழியாக மீஞ்சூர் போகும் பஸ் திருப்பத்தில் வந்து நின்றது. கையில் பையோடு நின்ற என்னைப் பார்த்து, "மீஞ்சூரா? ஏறும்மா, ஏறு" என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார். நான் வரவில்லை என்று கையாட்டினேன். பையைப் பனைமரத்தடியில் வைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் விட்ட வரிசைக்கு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தேன்.